வீட்டுக்கு அனுப்பிய பின்னர் அவர்களோடு யார் பேசுவது? நோய்த் தணிப்புப் பராமரிப்புக் குறித்து ஒரு திறந்த மடல்

சுகாதார அமைச்சின் தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் பணிப்பாளர் அவர்களுக்கும், கொழும்பு மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களப் பொறுப்பதிகாரிகளுக்கும், இந்நாட்டில் நோய்த் தணிப்புப் பராமரிப்பில் ஆய்வு செய்துவரும் மருத்துவர், தாதியர் அனைவருக்கும்,

வணக்கம்.

குணப்படுத்த முடியாத நோயோடு வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளியிடமும் அவரைப் பராமரிக்கும் குடும்பத்தினரிடமும், பயிற்சி பெற்ற தாதி ஒருவர் அவர்களது மொழியிலேயே தொலைபேசியில் ஒழுங்காகப் பேசி வழிகாட்டும் சேவையொன்றைக் கொழும்பு மாநகரில் தமிழிலும் சிங்களத்திலும் தொடங்குமாறும், அதை முதல் நாளிலிருந்தே முறையான ஆய்வாக நடத்துமாறும் கேட்டு இம்மடலை எழுதுகிறேன். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, வெள்ளவத்தைப் பகுதிகளில் உள்ள இத்தகைய நோயாளருக்குத் துணையாகக் கிளினிக்குக்குச் செல்வதும், மருந்துத் துண்டைக் கொண்டுபோய்க் குளிசை எடுத்துக் கொடுப்பதும் என் தொண்டு. நான் மருத்துவர் அல்லேன். எனினும் இத்துறையில் வெளிவரும் ஆய்வுகளை ஆவலோடு படிப்பவன். அவற்றில் எழுதியிருப்பதற்கும் நம் வீடுகளில் நடப்பதற்கும் இடையிலுள்ள தூரம் என்னைப் பெரிதும் வருத்துகிறது.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், உடலின் பிற பாகங்களுக்கும் பரவிய நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 151 பேரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வழமையான சிகிச்சையோடு, நோவையும் மூச்சுத் திணறலையும் மனத்துயரையும் தணிக்கும் நோய்த் தணிப்புப் பராமரிப்பையும் தொடக்கத்திலிருந்தே வழங்கினார்கள். அப்பிரிவினரின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டிருந்தது, மனச்சோர்வு குறைந்திருந்தது, இறுதிக் காலத்தில் உடலை வருத்தும் சிகிச்சைகளை அவர்களிற் குறைவானவர்களே பெற்றிருந்தார்கள், அப்படியிருந்தும் அவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப்பேர் கடந்து வாழ்ந்த காலம்) 11.6 மாதங்களாகவும், மற்றப் பிரிவினருடையது 8.9 மாதங்களாகவும் இருந்தது. மருத்துவர் கைவிரித்த பின்னர் வருவதே இந்தப் பராமரிப்பு என்று நம்மிற் பலர் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறோம். அந்த நம்பிக்கைக்கு மாறான சான்று வெளிவந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

அதன்பின் ஆய்வாளரின் கேள்வி, இப்பராமரிப்பை எவ்வளவு, யார், எப்படி வழங்குவது என்பதை நோக்கித் திரும்பியது. நம்மைப் போன்ற நாட்டுக்கு மிகவும் வேண்டிய பகுதி இதுதான். அமெரிக்காவில் 507 நுரையீரல் புற்றுநோயாளரிடையே செய்யப்பட்டு 2024இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினரை மாதந்தோறும் பார்த்தார்கள். மற்றப் பிரிவினரை, முதற் சந்திப்புக்குப் பின்னர், சிகிச்சை மாறும்போதோ வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட பின்னரோ மட்டுமே பார்த்தார்கள்; அவர்களில் வாழ்க்கைத் தரம் சரிந்தவர்களை மட்டும் மாதந்தோறும் பார்த்தார்கள். 24 வாரங்களில் சராசரிச் சந்திப்புகள் 4.7இலிருந்து 2.4 ஆகக் குறைந்தபோதிலும் வாழ்க்கைத் தரம் தாழவில்லை. ஆயினும் இரண்டாம் பிரிவினர் இறுதிக்கால ஹொஸ்பிஸ் சேவையில் இருந்த நாட்கள் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வு, 22 புற்றுநோய் நிலையங்களைச் சேர்ந்த 1,250 நோயாளரைக் கொண்டு, வீடியோ அழைப்பில் வழங்கிய பராமரிப்பு நேரில் வழங்கியதற்கு ஈடானது என்று காட்டியது. பராமரிப்பவர் 122 பேரிடையே செய்து 2015இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், தாதியின் தொலைபேசி வழிகாட்டலை உடனே பெற்றவர்களுக்கு, மூன்று மாதம் தாமதித்துப் பெற்றவர்களைவிட மனச்சோர்வு குறைவாக இருந்தது.

முன்கூட்டியே தொடங்கு, தேவைக்கேற்ப வழங்கு, தொலைபேசியைப் பயன்படுத்து என்று இவ்வாய்வுகள் சொல்லும்போது, பணமில்லை, ஆளில்லை என்ற பதில் பெருமளவு வலுவிழந்துவிடுகிறது. கைத்தொலைபேசி இல்லாத வீடு கொழும்பில் அரிது.

ஆனால் பொஸ்டன் முடிவை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து இங்கே வைத்துவிட முடியாது. மும்பையின் டாடா நினைவு வைத்தியசாலையில் தலை, கழுத்துப் புற்றுநோயாளரிடையே இதே கேள்வியை ஆராய்ந்தபோது, தொடக்கத்திலிருந்தே வழங்கிய நோய்த் தணிப்புப் பராமரிப்பினால் வாழ்க்கைத் தரம் மேம்பட்டதாகத் தெரியவில்லை. நம் நாட்டு ஆண்களை அதிகம் தாக்குவது வாய்ப் புற்றுநோயே என்பதால், இந்த முடிவை நாம் கூர்ந்து கவனிக்கவேண்டும். நோய் வேறு, குடும்ப அமைப்பு வேறு, வைத்தியசாலைக்கு வந்துசேரும் கட்டம் வேறு. பொஸ்டன் ஆய்விற் சேர்வதற்கு ஆங்கிலத்தில் வாசித்துக் கேள்விகளுக்கு விடையளிக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. நம் நாட்டில் நடக்கும் ஆய்வொன்றின் வினாக்கொத்தும் ஒப்புதற் படிவமும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் அமைந்துவிட்டால், ஜம்பட்டா வீதியில் படுத்திருக்கும் தமிழ்த் தாயாரின் நோவு அந்த ஆய்வின் கணக்கில் ஒருபோதும் ஏறாது.

இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. ஒரு கிளினிக்கில், தன் அம்மம்மாவுக்காக மொழிபெயர்க்க வந்திருந்த பாடசாலைச் சிறுமி ஒருத்தியின் அருகில் நான் அமர்ந்திருந்தேன். வைத்தியர் அன்பானவர், சிங்களத்தில் மெதுவாக, விளங்கும்படியாகவே பேசினார். நோய் ஈரலுக்குப் பரவிவிட்டது, இனிக் கீமோ கொடுப்பதால் பயனில்லை, நோவில்லாமல் வைத்திருப்போம் என்றார். சிறுமி சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மம்மா, மருந்து மாத்திறாங்களாம், நோ குறையுமாம்" என்றாள். அம்மம்மா வைத்தியரைப் பார்த்துக் கைகூப்பினார். அந்தப் பிள்ளை செய்ததை நான் குறை சொல்லமாட்டேன். அந்தச் செய்தியைத் தாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டிய வயது அவளுக்கு இல்லை. நோயாளியிடம் உண்மையை எவ்வளவு, எப்போது, யார் வாயிலாகச் சொல்வது என்பது உலகெங்கும் இத்துறையில் ஆராயப்படும் பொருள். நம் குடும்பங்களிலோ "அவருக்குச் சொல்லிப்போடாதையுங்கோ" என்பதே வைத்தியரிடம் வைக்கப்படும் முதல் வேண்டுகோள். அந்த வேண்டுகோளை மதித்துக்கொண்டே நோயாளியின் விருப்பத்தையும் எப்படி அறிவது என்பதற்கான விடையை நம்மிடையே செய்யப்படும் ஆய்வே தரமுடியும்.

இறுதி நாட்களைப் பற்றியும் சொல்லவேண்டும். உணவும் நீரும் இறங்காத நிலை வந்ததும், சேலைன் ஏற்றச் சொல்லி வைத்தியரை மன்றாடாத குடும்பம் இல்லை. ஹூஸ்டனில் 129 புற்றுநோயாளரிடையே செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு ஒரு லீற்றர் சேலைன் பெற்றவர்களுக்கும் பெயரளவில் 100 மில்லிலீற்றர் மட்டும் பெற்றவர்களுக்கும் இடையே களைப்பிலோ, மனக்குழப்பத்திலோ, உயிர்வாழ்ந்த காலத்திலோ வேறுபாடு காணப்படவில்லை. அதே ஆய்வோடு தொடர்பாக நோயாளரையும் குடும்பத்தினரையும் பேட்டி கண்டபோது, அந்தச் சேலைனை நம்பிக்கையின் அடையாளமாகவும் ஆறுதலாகவும் அவர்கள் கண்டதாகச் சொன்னார்கள். பிரியும் உயிருக்குப் பால் பருக்கி அனுப்பும் வழக்கமுள்ள நமக்கு, வாய்க்கு நீர் கொடுப்பது மருத்துவத்துக்கு அப்பாற்பட்ட கடமையாகவே இருக்கிறது. "இது தேவையில்லை" என்று ஒரு வரியிற் சொல்லி முடித்துவிடாமல், பஞ்சை நனைத்து உதட்டையும் நாக்கையும் ஈரமாக வைத்திருப்பது எப்படி என்று மகளுக்குக் காட்டிக்கொடுக்கும் தாதி ஒருவர் இருந்தால், அந்தக் கடமை நிறைவேறும். வீங்கிய கையில் ஊசி ஏற்றவும் வேண்டியிராது.

ஒட்சிசனும் அப்படியே. இரத்தத்தில் ஒட்சிசன் குறையாத, ஆனால் மூச்சுத் திணறல் தீராத 239 பேரிடையே செய்து 2010இல் வெளிவந்த ஆய்வில், மூக்குக் குழாய் வழியே கொடுத்த ஒட்சிசன் சாதாரணக் காற்றைவிட மேலதிகமாக எதையும் தரவில்லை. முகத்தில் வீசும் சிறு கைவிசிறியின் காற்று மூச்சுத் திணறும் உணர்வைத் தணிக்கும் என்று 50 பேரைக் கொண்ட வேறோர் ஆய்வு காட்டியது. ஆனால், தொடர்மாடியின் நான்காம் மாடிக்கு வாடகைச் சிலிண்டரை இருவர் தோளில் சுமந்து ஏற்றிய வீட்டை நான் கண்டிருக்கிறேன். அந்த வாடகைக்காக மருமகளின் சங்கிலி அடகுக்குப் போயிருந்தது. அந்த நோயாளிக்கு ஒட்சிசன் தேவைப்பட்டதா என்று அளந்து சொல்ல யாருமில்லை. தேவைப்படுவோர் உண்டு, அவர்களுக்குக் கொடுக்கத்தான் வேண்டும். வீட்டுக்கு ஒருமுறை வந்து விரலில் ஒரு சிறு கருவியை மாட்டிப் பார்க்கவும், யன்னலைத் திறந்து மேசை விசிறியை எந்தப் பக்கம் வைப்பதென்று சொல்லவும் ஒருவர் இருந்தால் போதும் என்பதே என் ஆதங்கம்.

கடும் நோவைத் தணிக்கும் மோர்பினைப் பற்றிப் புதிய ஆய்வு எதுவும் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இருக்கிறது. 2017இல் வெளியான, லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு அறிக்கையின்படி, உலகில் ஆண்டுதோறும் விநியோகிக்கப்படும் 298.5 மெற்றிக் தொன் மோர்பின் வகை வலிநீக்கிகளில் மிக வறிய நாடுகளுக்குச் சேர்வது 0.1 தொன் மட்டுமே. நாம் அவ்வளவு வறிய நாடு அல்லவாயினும், குளிசை கையில் இருந்தும் விழுங்க அஞ்சும் வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. அதைக் குடித்தால் சாவு விரைந்து வரும் என்ற அச்சம் ஒருபுறம். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து எடுக்கவேண்டும் என்று யாரும் சொல்லாததால் நான்காம் நாளே நிறுத்திவிடுவது மறுபுறம். சரியான அளவில் கொடுக்கும் மோர்பின் ஆயுளைக் குறைப்பதில்லை என்பதை, அந்த நான்காம் நாளில், தமிழில் ஐந்து நிமிடம் பேசி விளக்கினாலே ஒருவரின் இரவுகள் மாறிவிடும்.

நம் பக்கத்திலேயே கேரளம் இருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி, ஊர்த் தொண்டர்களும் உள்ளூராட்சி மன்றங்களும் தாதியரும் சேர்ந்த வீட்டுப் பராமரிப்பாக வளர்ந்து, 2008இல் அரசின் கொள்கையாகவே ஆயிற்று. வீட்டிலேயே நோய்த் தணிப்புப் பராமரிப்புக் கிடைத்தால், வீட்டில் இறக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேலாகிறது என்பதை 37,561 பேரை உள்ளடக்கிய 23 ஆய்வுகளின் தொகுப்பு 2013இல் காட்டியது. இங்கும் 2019 முதல் 2023 வரைக்குமான, இப்பராமரிப்புக்குரிய தேசிய மூலோபாயச் சட்டகம் ஒன்றை நீங்கள் வகுத்தீர்கள். அது நன்றியோடு குறிப்பிடவேண்டிய பணி. அதன் காலம் முடிந்துவிட்டது. உலகளவில் கடும் துன்பத்தோடு இறப்போரின் தொகை 2016இல் ஆண்டுக்கு 2.6 கோடியாக இருந்து 2060இல் 4.8 கோடியாக உயரும் என்று 2019ஆம் ஆண்டின் மதிப்பீடு கூறுகிறது. விரைந்து முதுமையடையும் இந்நாடு அதற்கு விலக்காக முடியாது.

ஆகவே, மாநகர எல்லைக்குள் பொதுச் சுகாதாரம் மாநகர சபையின் பொறுப்பிலும், புற்றுநோய்ச் சிகிச்சை அமைச்சின் பொறுப்பிலும் இருப்பதால் நோயாளி இரண்டுக்கும் நடுவே விடுபட்டுப்போகாதபடி, இரு தரப்பும் சேர்ந்து அமரவேண்டுகிறேன். வடகொழும்பின் சில வட்டாரங்களில் ஓராண்டுக்கு இச்சேவையைத் தொடங்குங்கள். வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே நோயாளியின் பெயர் தாதியின் பட்டியலில் சேரட்டும். முதல் அழைப்பு மூன்று நாட்களுக்குள் போகட்டும். இரவில் எடுக்கக்கூடிய இலக்கம் ஒன்று வீட்டில் இருக்கட்டும். வினாக்கொத்தும் ஒப்புதற் படிவமும் தமிழில் தனியே ஆக்கப்பட்டு, வாசிக்கத் தெரியாதவருக்கு வாய்மொழியாகவும் கேட்கப்படட்டும். பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்குவதைத் தவிர்க்கும் விதியொன்றை ஒழுக்கநெறிக் குழு இடட்டும். நோவு எவ்வளவு குறைந்தது, பராமரிப்பவர் எத்தனை மணிநேரம் உறங்கினார், குடும்பம் எவ்வளவு கடன்பட்டது, நோயாளி விரும்பிய இடத்தில் இறந்தாரா என்பவற்றை அளவிடுங்கள். முடிவு நன்றாக வந்தாலும் இல்லாவிட்டாலும் மூன்று மொழிகளிலும் வெளியிடுங்கள்.

தொண்டர்களை அழைத்தால் எங்கள் பகுதியிலிருந்து வருவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். பயிற்சி வகுப்பு எங்கே, எப்போது என்று அறிவியுங்கள். முதலில் நான் வருகிறேன்.

இங்ஙனம்,
நோயாளருக்குத் துணைசெல்லும் தொண்டன் ஒருவன்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.