கரண்டி என்றால் எந்தக் கரண்டி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகம் பிழிவது முதல் மின்விசிறி ரெகுலேட்டர் மாற்றுவது வரை எதையும் படிப்படியாகச் சொல்லித் தரும் செய்முறைத் தளங்களை நம் வீடுகளில் இன்று எல்லாரும் பார்க்கிறார்கள். இவற்றில் சில, யாரும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம் என்ற கூட்டு முயற்சியாக நடப்பவை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில், இத்தகைய தளங்களின் எழுத்து விதிகளும் கண்காணிப்பு விதிகளும் எப்படி இருக்க வேண்டும் என்பது பற்றித் தங்கள் வாசகர்களிடம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். இதை எழுதத் தூண்டியது எங்கள் தெருவில் நடந்த ஒரு சம்பவம்.

ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றுக்கு இரவு முழுவதும் வயிற்றுப்போக்கு. வீட்டில் ஓ.ஆர்.எஸ். (உடம்பு இழந்த நீரை ஈடுகட்டக் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட் இல்லை, மருந்துக்கடை திறக்கும் நேரமும் ஆகவில்லை. குழந்தையின் தாய் கைப்பேசியில் தேடி, தமிழில் கிடைத்த ஒரு செய்முறைப் பக்கத்தைப் பார்த்து, அதில் இருந்தபடியே ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கரைத்து வைத்திருந்தார். நான் போனபோது டம்ளரில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தார். வழக்கம்போல் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தேன். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் அந்தக் கரைசலைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பயிற்சியில் முதல் நாளே சொல்லித் தந்த பாடம். இது கடல் நீர்போலக் கரித்தது. எந்தக் கரண்டியால் அளந்தாய் அம்மா என்று கேட்டேன். உப்பு ஜாடியில் கிடந்த பெரிய கரண்டியை எடுத்துக் காட்டினார். அதுவும் கூம்பாக அள்ளியது. தேக்கரண்டிக்கு அளவு 5 மில்லிலிட்டர், மேசைக்கரண்டிக்கு 15. ஆகவே, தலைதட்டி அளந்திருந்தால்கூட உப்பு மூன்று மடங்காகியிருக்கும். ஏற்கெனவே நீர் வற்றிய சிறு உடம்பில் அவ்வளவு உப்புச் சேர்ந்தால் வலிப்பு வரும், மூளை பாதிக்கப்படும். அந்தப் பெண் எதையும் தவறாகச் செய்யவில்லை. பக்கத்தில் ‘கரண்டி’ என்று இருந்தது. அவர் கரண்டியால் அளந்தார்.

அன்று மாலையே அந்தப் பக்கத்துக்குப் போய், ‘தலைதட்டிய தேக்கரண்டி, அதாவது 5 மி.லி.’ என்று திருத்தினேன். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, கண் குழிந்திருந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்ற வரியையும் மேலே சேர்த்தேன். ஒரு மணி நேரத்துக்குள் இரண்டும் நீக்கப்பட்டுப் பழைய வாசகம் திரும்பி வந்துவிட்டது. காரணமாக எழுதியிருந்தது ‘சான்று இல்லை’ என்ற இரண்டே சொற்கள். சான்று கேட்பது நியாயமான விதி, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பழைய வாசகத்துக்கும் சான்று எதுவும் இல்லையே! முதலில் எழுதியவரிடம் கேட்காத கேள்வியைத் திருத்த வந்தவரிடம் மட்டும் கேட்டால், தவறு முதலில் வந்து உட்கார்ந்துகொண்ட ஒரே காரணத்துக்காக அந்த இடம் அதற்கே சொந்தமாகிவிடுகிறது. உரையாடல் பக்கத்தில் மூன்று முறை எழுதிக் கேட்டேன். மறுமொழி வரவில்லை.

செய்தியைச் சொல்லும் பக்கத்துக்கும் செய்முறையைச் சொல்லும் பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை இந்தத் தளங்களை நடத்துவோர் போதிய அளவு உணரவில்லை என்பதே என் வருத்தம். ஒரு மன்னர் பிறந்த ஆண்டைத் தவறாகப் படித்தவர் நாளை சரியாகப் படித்துத் திருத்திக்கொள்வார். செய்முறையைப் படிப்பவரோ படித்த கையோடு செய்கிறார். அதனால் ஒரு பக்கத்தை எவ்வளவு கண்டிப்பாகக் காக்க வேண்டும் என்பதை முடிவுசெய்ய ஒரு கேள்வி போதும்: இதில் சொன்னபடி செய்து தவறிப்போனால், திரும்பச் செய்து சரிப்படுத்திக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் பக்கத்தைத் திறந்தே வைக்கலாம். மருந்து, குழந்தை உணவு, முதலுதவி, மின்சாரம், எரிவாயு, ரசாயனம் ஆகியவற்றில் முடியாது. கழிப்பறை பளிச்சிட வேண்டும் என்று பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் ஒன்றாகக் கலக்கச் சொல்லும் ஒரு வரி போதும். கதவு சாத்திய சிறு அறைக்குள் குளோரின் வாயு கிளம்பி நெஞ்சை அடைத்துவிடும். இத்தகைய பக்கங்களில் எந்தத் திருத்தமும், குறிப்பாக அளவைத் தொடும் எண் எதுவும், விவரம் தெரிந்த ஒருவர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே வாசகருக்குத் தெரிய வேண்டும்.

இது நடக்காத காரியம் அன்று. 2005-இல் ஜாக் ஹெரிக் தொடங்கிய விக்கிஹவ் தளத்தில் யாரும் எழுதலாம் என்றாலும், வரும் திருத்தங்களைத் தன்னார்வலர்கள் சுற்றுக்காவல்போல ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்கிறார்கள் அல்லது பழைய நிலைக்கு மீட்கிறார்கள். ஆபத்தானவை, சட்டத்துக்குப் புறம்பானவை என்று கருதும் செய்முறைகளை நீக்குவதற்கு அங்கே எழுதிவைத்த விதிகள் உண்டு. மருத்துவப் பக்கங்கள் பலவற்றில் சரிபார்த்த மருத்துவரின் பெயரையும் போடுகிறார்கள். விக்கிப்பீடியா இன்னும் கண்டிப்பாக, ‘இது செய்முறைக் கையேடு அன்று’ என்பதையே கொள்கையாக வைத்திருக்கிறது. 2003 முதல் நடந்துவரும் தமிழ் விக்கிப்பீடியாவில், பக்கத்தின் வரலாறு, உரையாடல் பக்கம், பொதுவாகப் பேசித் தீர்த்துக்கொள்ள ‘ஆலமரத்தடி’ என்று எல்லாவற்றுக்கும் நல்ல தமிழில் இடமும் பெயரும் இருக்கின்றன. யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அங்கே மறைவதில்லை. இவ்வளவு அனுபவம் நம் மொழியிலேயே இருக்கும்போது, செய்முறைத் தளம் நடத்துவோர் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலப் பக்கத்தை இயந்திரத்தில் போட்டு எடுத்து அப்படியே ஏற்றுவது பெருகிவிட்டது. கேக் வேகவைக்க ‘350 டிகிரி’ என்று அடுப்பின் சூட்டை ஃபாரன்ஹீட்டில் விட்டுவைத்தால் கேக் கருகிப்போவதோடு முடியும். மின்சாரத்தில் அப்படி முடியாது. என் தம்பி வயரிங் வேலை செய்பவர். ஒருநாள் அவரிடம் ஒரு தமிழ்ப் பக்கத்தைக் காட்டினேன். ‘கறுப்பு வயரில்தான் மின்சாரம் வரும்’ என்று அதில் இருந்தது. பதில் சொல்லாமல் எங்கள் வீட்டுச் சுவிட்ச் பெட்டியைத் திறந்து, சிவப்பு வயரில் டெஸ்டரை வைத்துக் காட்டினார், விளக்கு எரிந்தது. கறுப்பில் வைத்தார்; எரியவில்லை. அமெரிக்க வீடுகளில் கறுப்பு மின்னோட்டம் உள்ள வயர், வெள்ளை நியூட்ரல். நம் ஊர் வீடுகளில் காலங்காலமாகச் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். அங்கே 120 வோல்ட், இங்கே 230. மொழி பெயர்ந்துவிட்டது, வீடு பெயரவில்லை. எந்த நாட்டு வீட்டுக்கு எழுதியது என்பதைப் பக்கத்தின் தலையிலேயே குறிப்பிட வேண்டும் என்பதும், இயந்திர மொழிபெயர்ப்பை அந்த வேலை தெரிந்த ஒருவர் வரிவரியாகப் படிக்காமல் வெளியிடக் கூடாது என்பதும் எழுதிய விதியாக இருக்க வேண்டும்.

அதே வேளையில், கண்டிப்பு எல்லாப் பக்கத்துக்கும் ஒரே அளவில் இருப்பதும் நல்லதன்று. பனை ஓலையில் பெட்டி முடையத் தெரிந்த ஒரு பாட்டியிடம் ‘சான்று எங்கே’ என்று கேட்டால் அவர் எதைக் காட்டுவார்? அவர் கைதான் சான்று. ஓலையை எத்தனை நாள் காயவைப்பது, எப்போது தண்ணீர் தெளித்துப் பதப்படுத்துவது என்பதெல்லாம் பெரும்பாலும் நூல்களில் இல்லாத அறிவு. அவர் சொல்லப் பேத்தி தட்டச்சு செய்த பக்கத்தை, நடை சரியில்லை, மேற்கோள் இல்லை என்று நீக்கிவிட்டால் அவர்கள் மறுபடி வரமாட்டார்கள். அங்கே கண்காணிப்பவரின் வேலை எழுத்துப்பிழை திருத்துவதும், புரியாத இடத்தில் பணிவாகக் கேட்பதும்தான். நீக்கியே தீர வேண்டும் என்றாலும் எந்த விதியின்படி, எந்த வரிக்காக என்று முழு வாக்கியத்தில் தமிழில் எழுத வேண்டும். முறையிட வேறொருவர் இருக்க வேண்டும். நீக்கியவரே முறையீட்டையும் விசாரிப்பது எந்த ஊர் நியாயமும் ஆகாது.

புகாருக்கான காலக்கெடுவும் கவலைக்குரியது. நம் நாட்டில் 2021-இல் அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள், இணைய இடைநிலையாளர்கள், அதாவது பிறர் எழுதுவதை ஏற்று வெளியிடும் தளங்கள் போன்றவை, குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும், புகார் வந்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், 15 நாட்களில் தீர்க்க வேண்டும் என்று கூறின. வேறு பல புகார்களுக்கு அது போதுமானதாக இருக்கலாம். உப்பின் அளவு தவறு என்ற புகாருக்கு 15 நாள் என்பது மிக நீண்ட காலம். வயிற்றுப்போக்குக் கண்ட கைக்குழந்தை ஒரே நாளில் துவண்டுவிடும். உயிருக்கு ஆபத்து என்று புகார் வந்த வரியை முதலில் மறைத்துவிட்டு, பிறகு ஆராய்ந்து முடிவெடுக்கும் விதியைத் தளங்கள் தாமாகவே வகுத்துக்கொள்ள வேண்டும். சரியான வரி இரண்டு நாள் மறைந்திருப்பதால் வரும் இழப்பு சிறியது.

என்னைப்போல் ஓய்வுபெற்ற செவிலியர்கள், மின்பணியாளர்கள், தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம். நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கிப் பக்கங்களைப் படித்துப் பார்க்க எங்களில் பலர் முன்வருவார்கள். நடத்துவோர் கேட்க வேண்டும், அவ்வளவே.

இன்று காலை பார்த்தபோதும் அந்தப் பக்கத்தில் ‘அரைக் கரண்டி’ என்றே இருக்கிறது. ஆகவே தங்கள் நாளிதழ் வாயிலாகவாவது சரியான அளவு பரவட்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைத்தால் அதுவே சிறந்தது. அதன்மேல் 200 மி.லி. என்றிருக்கிறதா, 1 லிட்டர் என்றிருக்கிறதா என்று படித்துவிட்டு அந்த அளவு நீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். பாக்கெட் கிடைக்காத நேரத்தில், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில், 5 மி.லி. தேக்கரண்டியால் தலைதட்டி 6 கரண்டி சர்க்கரையும், அதே தேக்கரண்டியால் தலைதட்டி அரைக் கரண்டி உப்பும் கரைத்து, முதலில் நீங்கள் ஒரு சொட்டு ருசி பாருங்கள். 24 மணி நேரத்துக்குமேல் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
மன்னார்குடி.