தலை ஏன் மேலே போனது?

அன்புள்ள மாலதி,

கடிதம் கிடைத்தது. பிரசவ அறைப் பொறுப்பு உன் கைக்கு வந்ததில் ரொம்பச் சந்தோஷம். கர்ப்பப்பை கிழிவதைப் பற்றிப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு என்ன சொல்லித்தருவது என்று கேட்டிருந்தாய். "தாங்க முடியாத வலி வரும், அப்போது தெரிந்துவிடும்" என்ற எண்ணத்தை முதலில் விடச் சொல். பெரும்பாலும் முதலில் மாறுவது குழந்தையின் இதயத் துடிப்பு. நிமிடத்துக்கு 140-ல் இருந்தது ஒவ்வொரு பிரசவ வலிக்கும் சரியும். பிறகு 80, 70 என்று இறங்கி ஏறாமலே நின்றுவிடும். எபிடியூரல் (வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் மருந்து) நன்றாக வேலை செய்யும்போதே அடிவயிற்றில் வலி திரும்பினால், மருந்தைக் கூட்டுவதற்கு முன் கர்ப்பப்பையில் உள்ள பழைய சிசேரியன் தழும்பை நினைக்க வேண்டும்.

விரல் சொல்லும் சேதியும் உண்டு. நன்றாக இறங்கியிருந்த தலை, அடுத்த பரிசோதனையில் எட்டாத உயரத்துக்குப் போயிருக்கும். குழந்தை கிழிசல் வழியாக வயிற்றுக்குள் நழுவுகிறது. விடாமல் வந்த இடுப்பு வலி சட்டென்று நின்றாலும் அதே சந்தேகம்தான். "கொஞ்சம் ஓய்வு கிடைத்தது" என்று விட்டுவிடாதே. சிறுநீரில் ரத்தச் சிவப்பு, இரண்டு வலிக்கு நடுவிலும் விடாத தழும்பு வலி, ஏறிக்கொண்டே போகும் நாடி, இதெல்லாம் கூட வரலாம். பிரஷர் விழுவது தாமதமாகத்தான். வெளியே ரத்தம் இல்லை என்பதில் ஆறுதல் கிடையாது, உள்ளே தேங்கியிருக்கும்.

சந்தேகம் வந்ததும் வலியைக் கூட்ட ஓடும் ஆக்ஸிடோசின் ட்ரிப்பை நிறுத்து, ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல், நரம்பில் தடித்த 16 கேஜ் ஊசி இரண்டு, ரத்தம் கிராஸ்மேட்சுக்கு (ஏற்றும் ரத்தம் பொருந்துமா என்று பார்க்க). ஸ்கேனுக்கு அனுப்பி நேரம் போக்காதே. இருபது நிமிடம் கூட அதிகம்.

தடுப்பது பழைய ஆபரேஷன் குறிப்பிலிருந்தே தொடங்குகிறது. தோலில் தழும்பு குறுக்கே இருப்பதால் கர்ப்பப்பையிலும் குறுக்கே வெட்டியதாக அர்த்தமில்லை. கீழ்ப்பகுதியில் ஒரே குறுக்கு வெட்டு என்றால், சுகப்பிரசவத்துக்கு முயலும் 200 பேரில் ஒருவருக்கு ஏறத்தாழக் கிழியலாம். மேலே நெடுக்கு வெட்டு என்றால் ஆபத்து பல மடங்கு. வலி எடுக்கும் முன்பே சிசேரியன். ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைக் கட்டி) எடுத்தவர்களையும் கேட்டு வை, அங்கேயும் தழும்பு இருக்கலாம். தழும்பு உள்ளவளுக்கு நிறைமாதத்தில் வலி வரவைக்க மிசோப்ரோஸ்டால் மாத்திரை வேண்டவே வேண்டாம். ட்ரிப் ஓடினால் 10 நிமிடத்துக்கு 4 வலிக்கு மேல் போகவிடாதே.

தழும்பே இல்லாதவளுக்கும் கிழியும், குறிப்பாகப் பல பிரசவம் கண்டவளுக்கு, குழந்தை அடைபட்டு நிற்கும்போது. தொப்புளுக்குக் கீழே வயிற்றில் குறுக்காக ஒரு பள்ளம் தெரிந்தால் இனி காத்திருக்க நேரமில்லை.

தைத்துக் காப்பாற்றிய பிறகு, கிழிந்த இடத்தை டிஸ்சார்ஜ் சீட்டில் தெளிவாக எழுதச் சொல். அடுத்த முறை அவளுக்கு 36, 37 வாரத்திலேயே சிசேரியன் என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
கலா