தே வடிவமும் நம்ம வினையெச்சமும்

அன்புள்ள மலருக்கு,

நீ அனுப்பிய நோட்டுப் படங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு ஜப்பானிய வாக்கியத்துக்கும் கீழே ஆங்கிலத்தில் பொருள் எழுதி வைத்திருக்கிறாய். அதை விடு. "கினோ மிசே தே கத்தா ஹோன்" என்பது "நேற்று கடையில் வாங்கிய புத்தகம்". சொல்லுக்குச் சொல் அதே வரிசை. ஆங்கிலம் வழியாகப் போனால் தலைகீழாய்ப் புரட்டி, மறுபடி நிமிர்த்த வேண்டும்.

ஆனால் நோட்டில் தமிழ் எழுத்து வேண்டாம். எழுவாயோடு வரும் கா ('தங்கம்' சொல்லும்போது வரும் க), கேள்விக்கு வரும் கா ('பக்கம்' சொல்லும்போது வரும் க), இரண்டும் நமக்கு ஒரே எழுத்து. ஜப்பானிய எழுத்தான ஹிரகானாவில் மேலே இரண்டு சின்னக் கோடு போட்டுப் பிரித்துவிடுவார்கள். அடிப்படை எழுத்து 46தான், முதலில் அதை முடி.

நீ பயப்படுகிற தே வடிவம் நம் வினையெச்சமேதான். தபெதே என்றால் சாப்பிட்டு. தபெதே மிரு, சாப்பிட்டுப் பார். தபெதே ஷிமௌ, சாப்பிட்டுவிடு. கத்தே ஒகு, வாங்கி வை. கத்தே குரு, வாங்கி வா. 'பார்', 'வை', 'வா' என்ற துணைவினைகள்கூட அதே சொற்கள்! இதை ஆங்கிலத்தில் விளக்கப் பாடப்புத்தகம் பக்கம் பக்கமாக எழுதும்.

தப்பு வருவது வினையின் ஈற்றில். உ, ட்சு, ரு என்று முடிந்தால் த்தே. மு, பு, நு என்றால் ந்தே. கு என்றால் இதே. சு என்றால் ஷிதே. கு-வில் முடிபவற்றில் இகு (போ) மட்டும் விலகி இத்தே ஆகும். தபெரு மாதிரி 'எரு', 'இரு' என முடிபவற்றில் பெரும்பாலானவை ரு-வை உதிர்த்துவிட்டுத் தே சேர்க்கும். கயெரு (திரும்பு), ஹைரு (நுழை) அப்படித் தெரியும், ஆனால் கயெத்தே, ஹைத்தே. கிரு இரண்டு உண்டு: உடுத்து என்றால் கிதே, வெட்டு என்றால் கித்தே. பாடு, பாட்டு என்று பழகிய காதுக்கு இந்த ஒற்று தப்பாது.

தமிழை நம்பி ஏமாறும் இடங்களும் உண்டு. நம் 'இல்' அங்கே இரண்டாகப் பிரியும். இருப்புக்கும் வசிப்புக்கும் நி, செயலுக்குத் தே (இது வினையின் தே வடிவம் அல்ல, தனிச் சொல்): ஒசாகா நி சுந்தே இமாசு, ஒசாகா தே ஹதராஇதே இமாசு. முன்னது வசிக்கிறேன், பின்னது வேலை செய்கிறேன். 'எனக்குப் பூனையைப் பிடிக்கும்' என்பதை அப்படியே மாற்றி 'கு'வுக்கு நி, 'ஐ'க்கு ஓ போட்டிருக்கிறாய். வதாஷி வா நெகோ கா சுகி தெசு என்றுதான் வரும். பிடித்த பொருளுக்கு ஓ அல்ல, கா. நாய் நமக்கு அஃறிணை; அங்கே மனிதரைப் போல அதற்கும் இருப்பைச் சொல்லும் வினை 'இரு'. மரம், மேசைக்கு 'அரு'.

போகிறேன், போகிறாள், போகிறார்கள் எல்லாம் ஒரே இகிமாசு. அந்த மட்டும் நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமைக்குள் இருபது வினைகளைத் தே ஆக்கி ஹிரகானாவில் அனுப்பு. கயெருவையும் இரண்டு கிருவையும் கட்டாயம் சேர்த்துக்கொள்.

அம்மா