பீடோங்கில் பசித்தால்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் அலுவலக நண்பரின் மகன் இங்கே பீடோங்கில், கெடா மாநில எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க வருகிறான், நல்ல சாப்பாட்டுக் கடைகளும் மாலையில் நண்பர்களோடு உட்கார ஒரு பாரும் சொல்லுங்கள் என்று நேற்று கேட்டாய். அப்போது நம் கடையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்குக்குக் கூட்டம் நின்றது, சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இரவு படுத்த பிறகும் அந்தப் பிள்ளையின் நினைவாகவே இருந்தது. வீட்டுச் சோற்றை விட்டு முதன்முறையாக வெளியே வருகிறவன். அதனால் பொறுமையாக உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டு அவனிடமே கொடுத்துவிடு.

செமிலிங்கில் இருக்கும் வளாகத்திலிருந்து பீடோங் கடைத்தெருவுக்கு நடந்து வர முடியாது. யாராவது மோட்டார் சைக்கிளோ காரோ வைத்திருப்பார்கள், அவர்களோடு சேர்ந்து வரட்டும். கோலாலம்பூர் பிள்ளைகள் மறந்துவிடுகிற இன்னொன்று: கெடாவில் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. வெள்ளிக்கிழமை நம்மவர் கடைகளில் பாதிக்கு மேல் சைவம். கோழி இல்லையே என்று அன்றைக்கு முகம் வாடிப்போகும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அன்று புளிக்குழம்பும் கூட்டும் மற்ற நாளைவிடக் கூடுதல் கவனத்தோடு சமைக்கப்படும் என்று சொல், ஆசையாக வருவான்.

காலையில் ஆறு மணி முதல் நான் இருக்கிறேன். பதினொன்றுக்கெல்லாம் சட்டியைக் கழுவிவிடுவேன், அதற்குப் பிறகு வந்தால் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைக்குப் போகட்டும். ரொட்டி சானாய் நல்லதா என்று தெரிந்துகொள்ள வாயில் வைக்க வேண்டியதில்லை. மாவை வீசுகிறவன் பத்து ரொட்டியை முன்கூட்டியே சுட்டு அடுக்கி வைத்திருந்தால் அடுத்த கடையைப் பார்க்க வேண்டும். ஆள் கேட்ட பிறகு வீசி, கல்லிலிருந்து எடுத்ததும் இரண்டு கையாலும் தட்டி உதிர்த்துக் கொடுக்கிறானே, அங்கே உட்காரலாம்.

மதியத்துக்கு வாழையிலைக் கடை. சாலையோரம் தகரக் கூரை போட்டிருக்கும் அக்கா கடை உனக்கு நினைவிருக்கும். அவர் கைப்பக்குவம் தோட்டத்து அடுப்பில் பழகியது. கடலோர ஊரான தஞ்சோங் டாவாயிலிருந்து வரும் கருவாட்டைக் கத்தரிக்காயோடு போட்டு, தேங்காய் அதிகம் சேர்க்காமல் ஒரு குழம்பு வைப்பார். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் சம்பளத்துக்கு முந்தைய வாரம் முழுவதும் கருவாடும் நெத்திலியும்தான் எங்களைக் காப்பாற்றின. அந்தக் குழம்பின் வாசம் வந்தால் எனக்கு என் அம்மாவே பக்கத்தில் நிற்பது போலிருக்கும். பக்கத்து நகரமான சுங்கை பட்டாணியில் குளிரூட்டிய பெரிய உணவகங்களில் இலைச் சாப்பாடு போடுகிறார்கள், பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் ரசம் எல்லா இடத்திலும் ஒரே ருசி. எனக்கு அக்கா கடைதான்.

கெடா லக்சா சாப்பிடாமல் அவன் இந்த மாநிலத்தில் படித்தேன் என்று சொல்லக் கூடாது. மீனை வேகவைத்து மசித்த புளிப்புக் குழம்பு, அரிசி மாவில் செய்த வெள்ளை நூடுல்ஸ், மேலே வெள்ளரிக்காயும் வெங்காயமும் புதினாவும். மலாய்க்காரப் பெண்கள் மாலையில் வீட்டு வாசலிலேயே விற்பார்கள். பெயர்ப்பலகை இருக்காது, வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களை எண்ணிப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுக்கட்டும். தேர்வு முடிந்த நாளில் எல்லாரும் பணம் சேர்த்துக்கொண்டு தஞ்சோங் டாவாய்க்குப் போய்ச் சுட்ட மீன் சாப்பிடலாம். அங்கிருந்து படகில் ஆற்றைக் கடந்தால் மெர்டேக்கா கடற்கரை.

கடையின் கடன் கணக்கு நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாணவன் மூன்று நாள் தொடர்ந்து வெறும் தோசை ஒன்றும் தண்ணீரும் மட்டும் கேட்டான். நான்காம் நாள் நானே முட்டையும் சம்பலும் வைத்து, பணம் வரும்போது கொடு என்றேன். அவன் இலவசமாக வாங்க மாட்டான் என்று முகத்திலேயே தெரிந்தது, அதனால் நோட்டைக் கையில் கொடுத்து அவனையே எழுதச் சொன்னேன். மருத்துவமனைப் பயிற்சிக்காகச் சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்கு மாறிய பிறகு ஒரு நாள் மழையில் நனைந்துகொண்டு வந்து எண்பத்தாறு ரிங்கிட்டைக் கொடுத்தான். உன் நண்பரின் மகன் எந்தக் கடையில் சாப்பிட்டாலும் சரி, முதல் மாதத்திலேயே ஒரு கடைக்காரருக்கு அவன் முகமும் ஊரும் தெரிந்திருக்க வேண்டும். காய்ச்சலில் படுத்தால் கஞ்சி கட்டிக்கொடுத்து அனுப்ப ஓர் ஆள் வேண்டும்.

இனி நீ கேட்ட பார். சுங்கை பட்டாணியில் பாட்டுப் போட்டு பீர் விற்கும் இடங்கள் உண்டு, நான் உள்ளே போனதில்லை. பீடோங்கில் சீனர் கோப்பிக் கடைதான் இரவில் பாராகிறது. காலையில் காயா ஜாம் தடவிய ரொட்டி கொடுத்த அதே மேசையில் இரவு பீர் போத்தல் நிற்கும். சட்டத்தை அவனுக்குத் தெளிவாகச் சொல்: 2017 டிசம்பர் முதல் மலேசியாவில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. அவனுக்குப் பத்தொன்பது என்றாய். 21 ஆன பிறகு நண்பர்களோடு ஒரு போத்தல் குடிப்பதை நான் பாவம் என்று சொல்லமாட்டேன். ஆனால் குடித்தவன் வண்டி எடுக்கக் கூடாது. குடித்துவிட்டு ஓட்டி ஓர் உயிர் போனால் 2020இல் திருத்திய சட்டப்படி பத்து முதல் பதினைந்து ஆண்டு வரை சிறை. விலை மலிவு என்று பெயர் தெரியாத சம்சு சாராயப் போத்தலையும் தொடக் கூடாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து எத்தனை பேர் செத்தார்கள் என்பது உனக்கே தெரியும்.

இதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நான் பிறந்த தோட்டத்தில் சம்பள நாளன்று அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு கள்ளுக்கடை வாசலில் நிற்பார். பிள்ளையைப் பார்த்தால் அப்பா உள்ளே நுழையக் கூச்சப்படுவார் என்று ஒரு நம்பிக்கை. பல மாதம் அது பலித்தது. பலிக்காத மாதங்களில் அரிசிக்கடைக்காரர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுற்றுவழியில் வீட்டுக்குப் போவோம்.

இப்படி வாசலில் நின்றது நாங்கள் மட்டும் அல்ல. 1947இல் இதே பீடோங் வட்டாரத்தில் ஏ. எம். சாமி நடத்திய, தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படையினர் தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொல்லி மறியல் செய்தார்கள். போலீசாரோடு மோதல் வந்தது, ஒரு தொழிலாளி உயிரை விட்டார், பலரைக் கைது செய்தார்கள். உன் பாட்டிக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆண்கள் கம்போடு வரிசையாக நடந்து போனதை லயத்துத் திண்ணையில் நின்று பார்த்ததாகச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நீயும் இங்கேதான் படித்தாய், உனக்கு நான் இதைச் சொல்லவே இல்லை. அந்தக் குறை எனக்கு இருக்கிறது. அந்தப் பிள்ளையை ஒரு நாள் கோப்பிக் கடையில் உட்காரவைத்து நானே சொல்கிறேன்.

அவன் எந்தத் தேதியில் வருகிறான், கருவாடு சாப்பிடுவானா, சைவமா என்று கேட்டு எழுது. வருகிற அன்று காலை அவனுக்கென்று இட்லி எடுத்து வைக்கிறேன். பெற்றோரும் கூட வருவார்களானால் எத்தனை பேர் என்றும் சொல், மாவு அரைக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா