சேர்க்கை நாள் சான்றிதழ் மட்டும் போதாது

ஐயா,

நர்சிங் கல்லூரியில் சேரும்போது ஃபிட்னஸ் சான்றிதழ் வாங்கிக் கோப்பில் வைத்துவிடுகிறார்கள். அதன்பின் நான்கு ஆண்டுகளும் மாணவியின் உடல்நிலையை முறையாகக் கேட்க பல கல்லூரிகளில் ஏற்பாடே இல்லை.

ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் நோயான ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. முதல் ஊசி போட்ட கையோடு வார்டுக்கு அனுப்பினால் பாதுகாப்புக் கிடைக்காது. மூன்றாவது ஊசிக்கு ஓரிரு மாதம் கழித்து ரத்தத்தில் டைட்டர், அதாவது நோய் எதிர்ப்புப் பொருளின் அளவு, பார்க்க வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டுக்குக் குறைவாக இருந்தால் மறுபடி ஊசி போட வேண்டும். விட்டுப்போவது பெரும்பாலும் இந்தப் பரிசோதனைதான். சேர்ந்த வாரமே தடுப்பூசியைத் தொடங்கி, டைட்டர் முடிவு வரும்வரை ரத்தம் எடுக்கும் வேலையை மாணவிகளுக்குத் தராமல் இருக்கலாமே.

நோயாளிக்குப் போட்ட ஊசி கையில் குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்கக் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். திட்டு விழுமே என்று பயந்து மறைக்கும் மாணவி இழப்பது இந்த நேரத்தைத்தான். நைட் டூட்டியில் யாரிடம் சொல்வது, மாத்திரை எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு வார்டு சுவரிலும் எழுதி ஒட்ட வேண்டும்.

பட்டம் பெறுமுன் ஒவ்வொரு செய்முறைப் பிரிவிலும் 100 சதவீத வருகை வேண்டும் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சில். விதி நியாயமானது. ஆனால் விட்ட நாளை எப்போது ஈடுகட்டுவது என்று தெரியாததால், காய்ச்சலோடு குழந்தைகள் வார்டுக்கே வந்து நிற்கிறார்கள். சின்னம்மைக் கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும்வரையும், வயிற்றுப்போக்கு நின்று 48 மணி நேரம்வரையும் வார்டுப் பக்கம் வரக் கூடாது. ஈடுகட்டும் போஸ்டிங்குக்கான வாரங்களை ஆண்டுத் தொடக்க அட்டவணையிலேயே ஒதுக்கினால் யாரும் நோயை மறைக்க மாட்டார்கள்.

மனநலத்திலும் இதே பயம். தேசிய மருத்துவ ஆணையப் பணிக்குழுவின் 2024 அறிக்கையில், கருத்துக்கணிப்பில் பங்கேற்ற இளநிலை மருத்துவ மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் மனநலப் பாதிப்பு உண்டு என்று கூறியிருந்தனர். சிகிச்சையில் இருப்பதாலேயே ஒருவர் தகுதி இழப்பதில்லை. சிகிச்சையோடு பாதுகாப்பாகப் பணி செய்ய முடிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இன்டர்னல் மதிப்பெண் போடும் ஆசிரியரே கவுன்சலராகவும் இருந்தால் எந்த மாணவி வாய் திறப்பாள்? இரண்டும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும். அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 விடுதியில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும்.

ஆய்வுக்கு வரும் பல்கலைக்கழகக் குழு, நூலகப் பதிவேட்டோடு டைட்டர் பதிவேட்டையும் ஊசிக்குத்துப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

— நர்சிங் ஆசிரியர், மதுரை