சீட் சுவிட்ச்ச கட்டிப் போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உக்காந்து ஓட்டுற புல்வெட்டி மெஷின பல வருஷமா ஓட்டுறவன் நான், அந்த அனுபவத்துல எழுதுறேன். சீட்டுக்கு அடில ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், பிளேடு சுத்தும்போது எந்திரிச்சா இன்ஜின் தானா நின்னுடும். அடிக்கடி நிக்குது, தொல்லைன்னு சொல்லி அது வேல செய்யாதபடி ஒயர் போட்டு பைபாஸ் பண்றாங்க பாருங்க, அதான் எனக்கு வயித்தெரிச்சல். நானும் ஒரு தடவ அந்த முட்டாள்தனத்த பண்ணேன், இறங்கி ஈரப் புல்ல தள்ளப் போனப்ப ஷூ நுனி மட்டும் போச்சு, விரல் தப்பிச்சது. பிளேடு நுனி மணிக்கு 300 கிலோமீட்டர் பக்கம் சுத்துதுங்க, கையெல்லாம் என்ன கணக்கு!

சரிவுல மேல கீழதான் ஓட்டணும், குறுக்க போனா கவுந்துடும், 15 டிகிரிக்கு மேல சாய்வு இருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க. குழந்தைய மடில வெச்சு ரவுண்டு அடிக்கவே கூடாது. ரிவர்ஸ் எடுக்குறதுக்கு முன்னாடியும், எடுக்கும்போதும் திரும்பிப் பாருங்க.

பிளேட்ட கழட்டணும்னா முதல்ல சாவிய எடுத்துட்டு ஸ்பார்க் பிளக் ஒயர பிடுங்கிடுங்க. சாணை பிடிச்சதும் நடு ஓட்டைய ஒரு ஆணில மாட்டிப் பாருங்க, ஒரு பக்கம் தாழ்ந்தா அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்க்கணும், இல்லேன்னா மெஷின் உதறி பேரிங் போயிடும். பெட்ரோல் ஊத்துறது இன்ஜின் ஆறின அப்புறம்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்