ஆள் கிடைக்கவில்லை என்னும் மதுரை முதலாளிகளுக்கு

மதுரையில் கடையும் கம்பெனியும் பட்டறையும் நடத்தும் உரிமையாளர்களுக்கு, வணக்கம்.

நான் இங்கே ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வேலைவாய்ப்புப் பிரிவும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. ஆள் எடுக்க வரும் உங்களில் பலரும் சொல்லும் குறை ஒன்றே: "நல்ல சம்பளம் தர்றோம்னு சொன்னாலும் கோயம்புத்தூர், சென்னைன்னு கிளம்பிடுறாங்க மேடம்." ஏன் கிளம்புகிறார்கள் என்று பிள்ளைகள் உங்களிடம் சொல்வதில்லை. என்னிடம் சொல்கிறார்கள்.

உங்கள் விளம்பரத்தில் "உணவு, தங்குமிடம் இலவசம்" என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டா, வார விடுமுறை எந்தக் கிழமை, இரவு எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்பதெல்லாம் இருக்காது. பிள்ளைகள் முதலில் தேடுவது இவற்றைத்தான்.

போன வருடம் படிப்பை முடித்த ஒரு மாணவிக்கு இரண்டு வேலை கிடைத்தது. ஒன்றில் 16,000 ரூபாய் அப்படியே கைக்கு வரும், பிடித்தம் எதுவும் கிடையாது. இன்னொன்றில் 14,000, முழுத் தொகையையும் வைத்துப் பிடித்தம் கணக்கிடுவார்கள். பி.எஃப். 1,680, இ.எஸ்.ஐ. 105 போக மிஞ்சுவது 12,215. அவள் இரண்டாவதற்குத்தான் போனாள். அவளை நம்பியிருக்கும் அம்மாவுக்குச் சர்க்கரை நோய். இ.எஸ்.ஐ.யில் சேர்ந்த நாளிலிருந்தே குடும்பத்துக்கும் மருத்துவம் உண்டு. தத்தநேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளலாம். பி.எஃப்.பில் நிறுவனமும் தன் பங்காக 1,680 போடுகிறது. அதில் 1,166 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போனாலும் மீதி அவள் கணக்கில்தான் சேரும். "அந்தப் பதினாறாயிரத்துல ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு போகும்னு எங்களுக்குத்தான் மேடம் தெரியும்" என்றாள். காமர்ஸ் படித்த பிள்ளை, கணக்கு தப்பவில்லை.

உங்களில் சிலர் செய்யும் வேறொரு வேலையும் எனக்குத் தெரியும். 18,000 என்று பேசி ஆளைச் சேர்த்துவிட்டு, முதலாளி போட வேண்டிய பங்கையும் அவன் சம்பளத்திலேயே கழிப்பது. சட்டப்படி அது கூடாது. கேட்டால், "சி.டி.சி.ன்னுதானே சொன்னோம்" என்பீர்கள், அதாவது உங்கள் பங்கும் சேர்த்து ஓர் ஆளுக்கு ஆகும் மொத்தச் செலவு. கையில் எவ்வளவு வரும் என்று நேர்காணலிலேயே சொன்னால் என்ன குறைந்துவிடும்? இருபது பேர் சேர்ந்தால் பி.எஃப்., பத்துப் பேர் சேர்ந்தால் இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும் என்பதற்காக ஒரே கடையை அண்ணன் பெயரில் பாதி, தம்பி பெயரில் பாதி என்று காட்டுவதும் ஊருக்குத் தெரிந்த ரகசியம்தான்.

இலவசத் தங்குமிடத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடைக்கு மேலேயே படுக்கை என்றால் வேலை முடியும் நேரம் என்று ஒன்று இருக்காது என்பதை அங்கே இருந்து பார்த்த அண்ணன்களும் அக்காக்களும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறார்கள். கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். உங்கள் கடையில் எத்தனை ஸ்டூல் இருக்கிறது என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். துணிக்கட்டு அடுக்கி வைத்திருக்கும் ஸ்டூலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பெண் பிள்ளைகள் என்றால் போக்குவரத்து வசதிதான் முடிவு செய்கிறது. உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு தாய் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "ராத்திரி எத்தன மணிக்கு டீச்சர் விடுவாக?" என்பதுதான் கேள்வி. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லைதான், ஆனால் ஒன்பதரைக்குக் கடை சாத்தினால் கிராமத்துக்குப் போக பஸ் வேண்டுமே. வேன் விடும் நிறுவனம் இரண்டாயிரம் குறைத்துக் கொடுத்தாலும் அங்கேதான் போகிறார்கள்.

ஐ.டி. நிறுவனத்தாருக்கு ஒன்றே ஒன்று: டேபிள் டென்னிஸ் பலகையைக் காட்டி யாரையும் மதுரையில் பிடித்து வைக்க முடியாது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை என்று எழுதிக் கொடுங்கள், மேலூர்ப் பையன் பெங்களூரை நினைக்க மாட்டான்.

இதெல்லாம் இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. மதுரா மில் தொழிலாளர்களுக்கென்று எழுந்த குடியிருப்புதானே ஹார்விபட்டி. அந்த அளவுக்கு இப்போது யாரும் கேட்கவில்லை. எட்டுப் பேரை வைத்துப் பட்டறை நடத்துபவரால் எல்லாம் முடியாது என்பதும் தெரியும். வார விடுமுறையையும் வேலை நேரத்தையும் எழுதிக் கொடுக்கக் காசு செலவில்லை. அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைக்காமல் இருப்பதற்கும் செலவில்லை.

இந்த ஆண்டு முதல், எங்கள் கல்லூரிக்கு ஆள் எடுக்க வருகிறவர்களிடம் ஒரு தாளைத் தருவேன். பிடித்தம் போகக் கையில் வரும் தொகை, பி.எஃப்., இ.எஸ்.ஐ., விடுமுறை, வேலை முடியும் நேரம், வண்டி வசதி எல்லாவற்றையும் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பிறகுதான் நேர்காணல். இல்லாத வசதிக்கு நேரே "இல்லை" என்று எழுதினாலும் வாங்கிக்கொள்வேன். வெற்றுக் கட்டம் இருந்தால் திருப்பித் தந்துவிடுவேன்.

இப்படிக்கு,
வேலைவாய்ப்புப் பிரிவைக் கவனிக்கும் ஓர் ஆசிரியை, மதுரை